களப்பும் மனிதரும்: கொக்கிளாயை முன்னிறுத்திச் சூழலியலின் அடிப்படைக் கருத்துகள் சில

சூழலியல் என்னும் சொல் தமிழியல் ஆய்வரங்குகளில் இன்று மிகுதியாகப் பயின்று வருகின்றது. ஐந்திணைப் பாகுபாடே பண்டைத் தமிழரின் சூழலியல் என நிறுவ முற்படும் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. இக்கூற்றை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ முன்னர், சூழலியல் என்னும் அறிவுத்துறை எதனை ஆராய்கின்றது, அதன் அடிப்படைக் கருத்துகள் யாவை என்பதைத் தெளிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. இலக்கிய மாணவராகிய எமக்கு இஃது அயற்றுறையே. எனினும் மனித வாழ்வின் பொருளியல் அடித்தளத்தை விளங்கிக்கொள்ளாது இலக்கியத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்னும் கொள்கையுடைய நாம், அவ்வடித்தளத்துக்கும் அடித்தளமாக உள்ள இயற்கையை ஒதுக்கிவிட்டுச் செல்லல் பொருந்தாது.

கருத்துகளை வெறும் வரைவிலக்கணங்களாகத் தருதல் பயன் தராது. எனவே ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, அதனூடாக அவற்றை நோக்குவோம். அவ்விடம் வன்னிப் பெருநிலத்தின் தென்கிழக்கு மூலையில், முல்லைத்தீவு மாவட்டமும் திருகோணமலை மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் அமைந்த கொக்கிளாய்க் களப்பாகும். களப்பு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் கொக்கிளாய்க் கிராமம் உள்ளது, தென்புறத்தே புல்மோட்டை. மேற்கேயும் வடக்கேயும் கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களும், அவற்றுக்கு அப்பால் நாயாற்றுக் களப்பும் உள்ளன. கொக்கு என்னும் பறவைப்பெயர் இரண்டு ஊர்களின் பெயர்களில் ஒலிப்பது கருதத்தக்கது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சி எமது நோக்கமன்று. ஆயினும் நீரும் பறவையும் இம்மக்களின் மொழியில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளன என்பதை இப்பெயர்களே காட்டும்.

சொல்லும் பொருளும்

சூழலியலைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லை 1866ஆம் ஆண்டு ஜேர்மானிய உயிரியலாளர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல் ஆக்கினார். ‘வீடு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாக அது பிறந்தது. பொருளியலைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லும் அதே வேரினின்று முளைத்ததே. உயிர்கள் வாழும் வீட்டைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று. மனிதர் தம் வீட்டை நிருவகிக்கும் முறைபற்றிய ஆராய்ச்சி மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றையொன்று அறியாத இரு துறைகளாகப் பிரித்து வைத்தது பின்வந்த கல்வி மரபு.

1935ஆம் ஆண்டு பிரித்தானியத் தாவரவியலாளர் ஆதர் டான்ஸ்லி ‘சூழற்றொகுதி’ என்னும் கருத்தை முன்வைத்தார். உயிரிகளை ஒருபுறமும் அவை வாழும் மண், நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றை மறுபுறமும் நிறுத்தி ஆராய்தல் பிழை; இரண்டும் இணைந்து இயங்கும் ஒரே தொகுதியே ஆராய்ச்சியின் அலகு என்பது அவரது வாதத்தின் சாரம். மனித செயற்பாட்டையும் இத்தொகுதியின் ஒரு காரணியாகக் கொள்ளவேண்டும் என அவர் அன்றே எடுத்துக்காட்டினார். பின்வந்த பலர் இதனை மறந்துவிட்டனர் என்பது பின்னர் தெளிவாகும்.

உயிரற்ற காரணிகள்

கொக்கிளாய்க் களப்பில் இரண்டு நீர்கள் சந்திக்கின்றன. மேற்கேயுள்ள காடுகளினூடாகச் சிற்றாறுகள் நன்னீரைக் கொணர்கின்றன. கிழக்கே முகத்துவாரத்தின் வழியாகக் கடலின் உவர்நீர் புகுகின்றது. இவ்விரண்டின் விகிதத்தைத் தீர்மானிப்பது பருவக்காற்று. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி தொடங்கிப் பொழியும்போது ஆறுகள் பெருகிக் களப்பின் உவர்த்தன்மை குறைகின்றது. கோடையில் ஆறுகள் வற்ற, நீர் ஆவியாக, உப்புச் செறிவு ஏறுகின்றது.

இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆகவே முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருக்கும் வலு கடலுக்கு அதிகம் இல்லை. ஆற்று வெள்ளத்துக்கே அது பெரிதும் உண்டு. வெள்ளம் ஓய்ந்த காலத்தில் அலைகள் மணலைக் கொணர்ந்து குவித்து வாயிலை ஒடுக்குகின்றன. எனவே, மேற்கே பல மைல்களுக்கு அப்பால் காடு அழிக்கப்பட்டாலோ ஆறு மறிக்கப்பட்டாலோ, அதன் விளைவு கிழக்கே கடல்வாயிலில் வெளிப்படும்.

இவ்விடத்தில் ‘எல்லைப்படுத்தும் காரணி’ என்னும் கருத்தை மனங்கொள்ளல் வேண்டும். பயிரொன்றின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது மிகுதியாகவுள்ள ஊட்டமன்று, தேவைக்கு மிகக் குறைவாகவுள்ள ஊட்டமே என்பதை 1840களில் ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் பரப்பினார். பின்னர் இது விரிவுபெற்றது. ஒரு காரணி குறைந்தாலும் தடை; அளவிறந்து மிகுந்தாலும் தடை. களப்பில் அத்தகைய காரணிகளுள் முதன்மையானது உப்பு. நன்னீர் மீன் முகத்துவாரத்தருகே வாழாது. ஆழ்கடல் மீன் ஆற்றுவாயில் வாழாது. உப்பின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருங்கே தாங்கவல்ல உயிர்களே களப்பின் நிலையான குடிகள்.

கண்டல் மரம் இதற்குத் தக்க சான்று. உவர்ச் சேற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. எனவே வெண்கண்டல் தன் சுவாசவேர்களைச் சேற்றுக்கு மேலே நிமிர்த்தி நிற்கின்றது. உறிஞ்சிய உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகின்றது. வேறு கண்டலினங்கள் வேரிலேயே உப்பைப் பெரிதும் தடுத்துவிடுகின்றன. அவற்றுட் சிலவற்றின் வித்துகள் தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, நீண்ட நாற்றாக வளர்ந்த பின்னரே விழுகின்றன.

எனினும் உயிரி சூழலுக்கு இயைந்துபோகின்றது என்று மட்டும் கூறின் அஃது அரை உண்மையே. கண்டலின் வேர்கள் நீரோட்டத்தைத் தடுத்துச் சேற்றைப் படியவைக்கின்றன. படிந்த சேறு புதிய கரையாகின்றது. சூழல் மரத்தை ஆக்கியது. மரம் சூழலை மாற்றுகின்றது. உயிரி தன் சூழலின் விளைபொருள் மாத்திரமன்று, அதன் ஆக்குநருங்கூட என்னும் இயங்கியல் நோக்கினை ரிச்சட் லெவின்ஸ், ரிச்சட் லெவொன்ரின் ஆகிய உயிரியலாளர் 1985இல் வெளிவந்த தமது நூலிலே விரிவாக எடுத்துரைத்துள்ளனர்.

சத்தியும் சடப்பொருளும்

சூழற்றொகுதி இயங்குவதற்குச் சத்தி வேண்டும். அது ஞாயிற்றினின்று வருகின்றது. நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளும் அடித்தளத்துக் கடற்புற்களும் கரையோரக் கண்டல்களும் ஒளித்தொகுப்பின் மூலம் அதனை உணவாக மாற்றுகின்றன. இவை உற்பத்தியாளர்கள். இவற்றையோ இவற்றின் சிதைவுகளையோ உண்ணும் இறாலும் திரளி மீனும் முதனிலை நுகரிகள். அவற்றை உண்ணும் கொடுவா, நீர்க்காகம், கொக்கு ஆகியன அடுத்த நிலையின. பற்றீரியங்களும் பூஞ்சைகளும் இறந்த உடல்களையும் உதிர்ந்த இலைகளையும் பிரிகையாக்கி, அவற்றிலிருந்த நைதரசனையும் பொசுபரசையும் மீண்டும் நீருக்கும் சேற்றுக்கும் அளிக்கின்றன. உண்மையில் இது நேர்ச்சங்கிலியன்று. ஒவ்வோர் உயிரும் பலவற்றை உண்டு பலவற்றுக்கு உணவாகும் வலையாகும்.

சடப்பொருள் சுழல்கின்றது, சத்தி சுழல்வதில்லை. ஒவ்வொரு படியிலும் அதன் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகிக் கழிந்துவிடுகின்றது. அமெரிக்கரான ரேமண்ட் லிண்டமன் 1942இல் ஏரியொன்றை ஆராய்ந்து இந்நெறியை விளக்கினார். படிக்குப் படி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மேலே செல்கின்றது என்பது பின்னர் பொதுவழக்கான மதிப்பீடு; இடத்துக்கிடம் அது வேறுபடும். பாசி ஆயிரம் பங்கெனின் அதை உண்பது நூறு பங்கு, அதனையும் உண்பது பத்துப் பங்கு. நீர்க்காகங்கள் சிலவாகவும் சிறுமீன்கள் பலவாகவும் இருத்தலின் காரணம் இதுவே. ஒரு களப்பு எத்தனை உயிர்களைத் தாங்கும் என்னும் ‘தாங்கு கொள்ளளவு’ இக்கணக்கினின்று பிறப்பது.

உயிர்களிடையே உறவுகள்

பனிக்காலத்தில் வட நாடுகளிலிருந்து வலசை வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் கொக்கிளாயின் ஆழமற்ற நீரை நாடுகின்றன. பூநாரைகளையும் இங்குக் காணலாம். ஒரே சேற்றில் பலவினப் பறவைகள் ஒருங்கே மேய்வது முதற்பார்வையில் வியப்பளிக்கும். கூர்ந்து நோக்கின், குறுகிய அலகுடையது சேற்றின் மேற்பரப்பில் கொத்துகின்றது. நீண்ட அலகுடைய மூக்கன் ஆழத்தில் துழாவுகின்றது. பூநாரை நீரை வடித்து நுண்ணுயிர்களை உண்கின்றது. நீர்க்காகம் மூழ்கிப் பிடிக்கின்றது. கொக்கு அசையாது நின்று காத்திருக்கின்றது. ஒவ்வோர் இனத்துக்கும் வாழ்முறையில் தனிப்பங்கு உண்டு. இரு இனங்களின் பங்குகள் முற்றாக ஒன்றாயின் போட்டி முற்றி, ஒன்று மற்றொன்றை விலக்கிவிடும். பங்குகள் வேறாயின் இரண்டும் கூடி வாழும். போட்டி, இரைகௌவல், ஒட்டுண்ணல், பரஸ்பர உதவி ஆகிய யாவும் இயற்கையில் உள்ளன. அவற்றுள் போட்டியை மட்டும் பிரித்தெடுத்து அதுவே இயற்கையின் நியதி எனக் கூறியோர், தம் காலச் சந்தையின் நியதியையே இயற்கையின்மீது ஏற்றிக் கூறினர்.

இறாலின் வாழ்க்கை வட்டமும் நோக்கத்தக்கது. களப்பில் பிடிபடும் இறால்களுட் பெரும்பாலானவை கடலிலே முட்டையிடுவன. குடம்பிகள் வளர்ந்து சிறு இறால்களாகி முகத்துவாரம் வழியே களப்பினுட் புகுகின்றன. கடற்புல்லிலும் கண்டல் வேரிலும் மறைந்து சில மாதம் வளர்ந்தபின் கடலுக்கே மீள்கின்றன. ஆகவே கடல், வாயில், களப்பு, கண்டல் ஆகிய நான்கில் எது கெட்டாலும் இறால் கெடும். களப்பில் வீச்சுவலை எறிபவனின் அடுப்பு, அவன் ஒருபோதும் காணாத ஆழ்கடலில் இடப்பட்ட முட்டையில் தங்கியுள்ளது.

மனிதன் என்னும் காரணி

இதுவரை கூறியவற்றை எந்தப் பாடநூலிலும் காணலாம். இனி மனிதனுக்கு வருவோம். மனிதனும் நுகரிகளுள் ஒருவனே எனக்கொண்டு அவனை உணவு வலையின் உச்சியில் வரைவது வழக்கம். இது பிழையன்று; ஆயினும் போதாது. நீர்க்காகம் தன் அலகால் மீன் பிடிக்கின்றது. மனிதன் வலையால் பிடிக்கின்றான். வலைக்கு உரிமையாளன் ஒருவன், இழுப்போர் வேறு பலர். நீர்க்காகங்களிடையே சம்மாட்டி இல்லை. மீனை முன்விலை பேசிக் கடன் கொடுக்கும் வியாபாரியும் இல்லை.

மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையே நிகழும் பொருட்பரிமாற்றத்தை மார்க்ஸ் ‘அனுசேபம்’ என்னும் உடலியற் கருத்தினால் விளக்கினார். உழைப்பே இவ்வனுசேபத்தை நடத்துவது. லீபிக்கின் நூல்களை ஊன்றிக் கற்ற அவர், நாட்டுப்புற மண்ணின் சத்து உணவாகவும் நாராகவும் நகரத்துக்குச் சென்று மண்ணுக்கு மீளாது போவதை, 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்திலேயே சுட்டினார். ஏங்கெல்ஸ் தமது ‘இயற்கையின் இயக்கவியல்’ கையெழுத்துப் படிகளில், நிலத்துக்காகக் காடழித்த பண்டை மக்கள் தம்மையறியாமல் நீரூற்றுகளையும் அழித்ததை நினைவூட்டி, இயற்கையை வென்றதாக மகிழ்தல் ஆகாது என எச்சரித்தார். எனவே மனிதனது சூழலியல், உற்பத்தி உறவுகளைப் புறக்கணித்து எழுதப்பட முடியாதது.

கரைவலைத் தொழிலை எடுத்துக்கொள்வோம். கரைவலை எங்கும் வளைக்கப்படுவதில்லை. அடித்தளம் தடையின்றிக் கிடக்கும் குறித்த பாடுகளிலேயே வளைக்கலாம். ஒரு பாட்டில் ஒருநேரத்தில் ஒரு வலைக்கே இடமுண்டு. ஆகவே முறைவைத்து வளைத்தல் தேவையாகின்றது. இது குறித்து நன்காராயப்பட்ட எடுத்துக்காட்டுத் தென்னிலங்கையின் மாவெல்லக் கிராமமாகும். மானிடவியலாளர் போல் அலெக்சாந்தர் 1982இல் வெளியிட்ட நூலில் அதனை விவரித்துள்ளார். அங்கே வலைகளை முறைவைத்து வளைக்கும் வழக்காறு இருந்தது. மீன் விலை உயர, வலையில் முதலிட்டோர் பெருகினர். வலைகள் கூடியதால் மீன் கூடவில்லை. ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறைகளே குறைந்தன. வலைகளின் எண்ணிக்கையை வரையறுக்கும் சட்டம் இருந்தும் செல்வாக்குடையோர்முன் அது செயலற்றது.

1968இல் அமெரிக்கரான கரெற் ஹார்டின், பொதுவளம் யாவர்க்கும் திறந்திருப்பின் அழிந்தே தீரும் எனவும், தனியுடைமையோ அரச கட்டுப்பாடோதான் வழி எனவும் வாதித்தார். 1990இல் எலினோர் ஒஸ்ற்றம், உலகின் பலவிடங்களில் மக்கள் தாமே வகுத்த விதிகளால் பொதுவளங்களை நெடுங்காலம் பேணி வந்ததை எடுத்துக்காட்டி இதனை மறுத்தார். மாவெல்லையையோ அவர் தோல்விக்குச் சான்றாகவே கொண்டார். ஒஸ்ற்றமின் மறுப்பு பெறுமதியானது. எனினும் விதிகள் ஏன் சில இடங்களில் நிலைத்தன, சில இடங்களிற் சிதைந்தன என்னும் வினாவுக்கு விடை விதிகளில் மாத்திரம் இல்லை. மாவெல்லையில் விதியைச் சிதைத்தது மனித இயல்பு எனப்படும் ஏதோவொன்றன்று. முதலும் அதிகாரமும் கைகோத்தமையே.

கொக்கிளாய் கூறும் பாடம்

மேற்குக் கடல் கொந்தளிக்கும் தென்மேல் பருவத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஆதலின் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய கரைகளிலிருந்து மீனவர் பருவத்துக்குப் பருவம் கொக்கிளாய், நாயாறு வந்து வாடியமைத்துத் தொழில் செய்து மீளும் வழக்கம் நெடுநாளையது. பறவைகளின் வலசையைப் போல இதுவும் பருவக்காற்றினால் நிகழ்வதே. ஆனால் 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டமைக்குக் காற்றோ வெள்ளமோ காரணமன்று. கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் அகதிகளாக அலைந்தனர். 2009இல் போர் முடிந்தபின் மீண்டபோது தமது வயல்களும் கரைவலைப் பாடுகளும் பிறர் வசமாகியிருத்தலைக் கண்டனர். இது தொடர்பான பிணக்குகள் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதனை வளத்துக்கான போட்டி என்றோ குடித்தொகை அழுத்தம் என்றோ சூழலியற் சொற்களால் விவரிப்பது எளிது. அவ்வாறு விவரிக்கும்போது அரசும் படையும் காணிக் கொள்கையும் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றன, வரலாறு இயற்கையாகிவிடுகின்றது. கரையில் வலை இழுக்கும் சிங்கள உழைப்பாளியும் வீடு திரும்பிய தமிழ் உழைப்பாளியும் ஒருவரையொருவர் உண்ணும் இரு இனங்கள் அல்லர். அவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்திய ஏற்பாடு மனிதராற் செய்யப்பட்டது, மனிதரால் மாற்றப்படக்கூடியது.

களப்பின் ஏறத்தாழ 2,000 ஹெக்டேயர் பரப்பு 1951 மே மாதத்தில் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இலங்கைச் சட்டப்படி சரணாலயம் என்பது மனிதர் புகக்கூடாத வனமன்று. உயிரினங்கள் காக்கப்பட, மக்களின் வாழ்வும் தொடரக்கூடிய நிலமே. பறவையைக் காப்பதும் மீனவனைக் காப்பதும் முரண்பட்டவை அல்ல. இருவரும் ஒரே இறாலையும் ஒரே சேற்றையும் நம்பியுள்ளனர். மனிதர் அகன்றால் இயற்கை தழைக்கும் என்னும் கருத்து, யார் அகற்றப்படுகின்றனர், அவர் நிலம் யாரைச் சேர்கின்றது என்னும் வினாக்களை எழுப்பாதவரை ஆபத்தானது.

மற்றொரு பிரச்சினை மணல் பற்றியது. புல்மோட்டைக் கரையின் கரிய மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் ஆகிய கனிமங்கள் செறிந்துள்ளன. இவற்றைப் பெற 1957இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அகழ்வைக் கொக்கிளாய்க் கரைக்கு விரிக்கும் முயற்சிகளை அப்பகுதி மக்கள் எதிர்த்து வந்துள்ளனர். சந்தைக்கு அந்த மணல் டைற்றேனியத்தின் மூலப்பொருள். களப்புக்கோ அது உடலின் ஓர் உறுப்பு: உவர்நீரைத் தடுக்கும் வரம்பு, கரைவலை இழுக்கும் தரை, ஆமை முட்டையிடும் இடம், கடல் பொங்கும்போது முதல் அணை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் பேரழிவுற்ற முல்லைத்தீவுக் கரையிலே இதை விளக்க நீண்ட சொற்கள் தேவையில்லை. கனிமம் தோண்டவே கூடாதென்பது எமது வாதமன்று. தோண்டுவதன் இலாபம் ஓரிடத்துக்கும் அதன் இழப்பு வேறோரிடத்துக்கும் செல்வதே அனுசேபத்தின் முறிவு; அம்முறிவை யார் தாங்குவது என்பதே வினா.

திணைக்கு மீளல்

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஐந்திணை சூழலியலா? அன்று. அது செய்யுள் மரபு. சத்தியையும் சடப்பொருளையும் அளந்து நிறுவிய அறிவியலன்று. முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் முன்னோரையும் அறிவியலையும் ஒருங்கே இழிவுபடுத்தும். ஆயினும் தொல்காப்பியர் கூறும் கருப்பொருட் பட்டியலில் உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு தொழிலும் வைத்தெண்ணப்பட்டுள்ளமை கூர்ந்து நோக்கத்தக்கது. நெய்தல் என்பது மணலும் நீரும் மாத்திரமன்று, மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலுங்கூட. உழைப்பை நீக்கிய நிலத்தை அம்மரபு அறியாது. திணைக் கோட்பாட்டின் சமூக அடிப்படைகளைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஆராயத் தலைப்பட்டதும் இவ்வாயிலினூடாகவே எனலாம். நிலத்தையும் தொழிலையும் ஒருங்கே காணும் அப்பார்வையை நாம் பெறலாம். ஆனால் அந்தத் தொழிலின் பயன் யாரைச் சேர்ந்தது என்னும் வினாவை நாமே சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

தொகுத்துக் கூறின், உயிரி எதுவும் தனித்து வாழ்வதில்லை; சூழலால் ஆக்கப்படுவதோடு சூழலை ஆக்கவும் செய்கின்றது. சடப்பொருள் சுழல்கின்றது, சத்தி கழிகின்றது, ஆதலால் தாங்குதிறனுக்கு எல்லையுண்டு. மனிதன் இவ்வெல்லைக்கு உட்பட்டவன். ஆனால் அவன் அதனை எதிர்கொள்வது தனி உயிரியாக அன்று, ஒரு சமூக அமைப்பின் உறுப்பினனாக. கொக்கிளாயின் முகத்துவாரம் திறப்பதும் அடைவதும் வெள்ளத்தையும் அலையையும் பொறுத்தவை. அக்கரையில் யார் வலை வளைப்பது, யார் வீட்டில் அடுப்பெரிவது என்பன அவ்வாறானவை அல்ல. முன்னையதை இயற்கை என்றும் பின்னையதை வரலாறு என்றும் பிரித்தறியவும், இரண்டும் ஒரே களப்பில் நிகழ்கின்றன என்பதை மறவாதிருக்கவும் பயில்வதே சூழலியற் கல்வியின் பயன் எனக் கருதுகின்றோம்.